வியாழக்கிழமை மேடம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், அவர், பாப்பா மூவரும் சுகமாக இருக்கிறோம். உன் முட்டிவலி தேவலையா? தனியாக இருக்கிறோம் என்று சமைக்காமல் பிஸ்கட்டில் காலத்தை ஓட்டாதே.

போனை எடுப்பதே இல்லை என்று திட்டியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே. 'ஹலோ' சொன்னதுமே அடுத்த வார்த்தை வருவதில்லை. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. நிறுத்தி நிறுத்தி எழுதலாம், யாரும் "லைன்ல இருக்கியா?" என்று கேட்கமாட்டார்கள்.

பாப்பாவுக்குப் போன வாரம் மூன்றே முக்கால் வயது முடிந்தது. ஆஸ்பத்திரியில் படம் போட்ட அட்டைகளைக் காட்டிச் சோதித்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது. சொல்வதெல்லாம் புரிகிறது. வாயில் வருவதுதான் இல்லை. மொத்தம் பதினோரு சொல். அதிலும் பாதிக்கு முதல் எழுத்து மட்டும்தான். பஸ்ஸுக்கும் 'ப', பாலுக்கும் 'ப'. எதைக் கேட்கிறாள் என்று தெரியாமல் நான் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் ஒரு தாளைக் கொடுத்து டிக் போடச் சொன்னார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தீர்கள் என்று ஒரு கேள்வி. எல்லா நாளும் என்று போட்டேன். நர்ஸ் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். அம்மாவுக்கு மனச்சோர்வு, பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, இரண்டும் சேர்ந்திருக்கிற வீடுகளை வைத்து. எல்லாப் பிள்ளைகளுக்கும் பேச்சுப் பயிற்சி உண்டு. அம்மாக்களில் பாதிப்பேருக்கு வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து பேசுவார், மாத்திரையும் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். மீதிப்பேருக்கு ஒரு சின்னப் புத்தகமும், பக்கத்து டாக்டரைப் பாருங்கள் என்ற யோசனையும். யாருக்கு எது என்று மூடிய கவர்தான் சொல்லும். நீ இந்த மாதிரி இடத்தில்தானே வேலை செய்கிறாய், சேரலாமா?

உன்னால்தான் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. பிறகு ஏன் இரண்டையும் சேர்த்து ஆராய்கிறார்கள், அக்கா?

உன் வாயாடி


ஜனவரி 19

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். முட்டி அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது.

முதலில் உன் கடைசிக் கேள்வி. உன்னால் இல்லை. பதினாறு வருஷமாகப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு எழுதுகிறவள் சொல்கிறேன். வீடு நிறையப் பேசும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. நம் வீட்டில் உனக்கு வாயாடி என்று பெயர் வைத்தார்கள். ஊமைப் பெண்ணாகவா இருந்தாய், உன்னைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்ள?

இரண்டையும் சேர்த்து ஆராய்வது ஏன் என்றால், களைத்துப் போன அம்மாவால் பயிற்சியை வீட்டில் தொடர முடியாது என்பதற்காக. அவ்வளவுதான்.

கண்டிப்பாகச் சேர். நல்ல ஆராய்ச்சி, தைரியமாகச் சேர். கவரைப் பிரித்ததும் எந்தக் குழு என்று எனக்கு எழுது.

இங்கே அதே அறை, அதே ஹெட்போன், காலடியில் அதே பெடல். மிதித்தால் பதிவு ஓடும், விட்டால் நிற்கும். ஆபீசில் எனக்குப் பாம்புக்காது என்று பட்டம் கட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு போனால் எத்தனை நாளில் திரும்புகிறார்? நீ தனியாக இருக்கும் நாட்கள் எத்தனை? எழுது.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே குளிர் விட்டதா?

கவரைப் பிரித்துவிட்டார்கள். நீ ஆசைப்பட்டபடியே, வாராவாரம் பேசுகிற குழு. வியாழக்கிழமைதோறும் ஒரு மேடம். நான் 'வியாழக்கிழமை மேடம்' என்றே வைத்துக்கொண்டேன். நம்மைவிடப் பத்து வயது கூட இருக்கும். கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா? கழற்றித் தரச் சொல்லி, காதுப் பக்கத்தைக் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தேன். "பாத்தீங்களா, நான் உங்களுக்கு வைத்தியம் பண்ண வந்தா நீங்க எனக்குப் பண்றீங்க" என்று சிரித்தார். அதனால் நீ கவலைப்படாதே. லீவு போட்டு வரவேண்டாம்.

பாப்பாவுக்கு வாரம் இருமுறை பயிற்சி. முதல் நாள் ஓர் அறையில் பாய் விரித்து, பொம்மைப் பெட்டியை வைத்து, "இருபது நிமிஷம் இயல்பா விளையாடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். மேலே ஒரு மைக் தொங்கியது. இயல்பாக இரு என்றதும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. பெட்டி முழுக்கத் தூசி வேறு. பாப்பா ஒரு மாட்டையும் ஒரு வாளியையும் என் மடியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

அவர் திங்கட்கிழமை மீன் வண்டியோடு போனால் வியாழன், சில வாரம் வெள்ளி. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் வாயாடி


மார்ச் 30

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம் ஒரு நிலையில் இல்லை, அவ்வளவுதான்.

உனக்கு ஜலதோஷமா? சேர்ந்தாற்போல் மூன்று முறை தும்முவாயே, இன்னும் அப்படித்தானா?

பாப்பா மாட்டை மடியில் வைத்தால் சும்மா வாங்கிக்கொள்ளாதே. "மாடா? மாடு வந்துச்சா?" என்று கேள். அவள் பதில் சொல்லாவிட்டால் பரவாயில்லை. நீ கேட்பதுதான் முக்கியம். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிடாதே. ஐந்து விநாடிக்கு மேல் போனால் பிள்ளைகளுக்கு அது தெரிகிறது.

வியாழக்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொல். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதையும் மறைக்காதே. அவரிடம் மட்டுமாவது மறைக்காதே. அப்படி ஒருவர் உனக்குக் கிடைத்திருக்கிறார் என்பதில்தான் நான் நிம்மதியாக இருக்கிறேன். எந்தக் காரணத்துக்காகவும் அது நின்றுபோகக் கூடாது.

சீக்கிரம் எழுது.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது.

என் தும்மல் எப்படித் திடீரென்று உனக்கு ஞாபகம் வந்தது? கீழ்வீட்டு டைலரம்மாகூட நேற்று, "நீ தும்முனா எங்க வீட்ல பாத்திரம் ஆடுது" என்றாள்.

பாப்பாவிடம் நிறையப் பேசுகிறேன். இரண்டு புதுச் சொல் வந்திருக்கிறது. பயிற்சிக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிள் கடை. அதன் வாசலில் நின்றால் நகரமாட்டாள்.

போன வியாழன் மேடத்திடம் சொன்னேன், காலையில் எழுந்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை என்று. பாத்திரம் கழுவலாம், துணி மடிக்கலாம், தெரியும். ஆனால் அந்தக் கை என்னுடையது போல் இல்லை. பாப்பாவுக்குத் தலை வாரும்போது யார் வீட்டுப் பிள்ளைக்கோ வாருவது போல் இருக்கிறது என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இதைச் சொல்றதுக்கே உங்களுக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும்" என்றார். அது போதும் எனக்கு.

அதனால் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் வாயாடி


ஜூன் 24

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? நான் இருக்கிறேன்.

இந்த மாதம் எனக்கு வேலையே ஓடவில்லை. யாரோ ஓர் அம்மாவும் பிள்ளையும் விளையாடும் பதிவு. இருபது நிமிஷத்தில் அந்த அம்மா பேசியது நான்கு வரி. பிள்ளை திரும்பத் திரும்ப ஒரே சத்தத்தைச் சொல்கிறது. அம்மாவிடமிருந்து பதிலே இல்லை. மூன்று முறை முதலிலிருந்து கேட்டேன். அம்மாவின் மூச்சுதான் கேட்டது.

அடுத்த வாரம் வரட்டுமா? பத்து நாள் உன்னோடு இருக்கிறேன். மேடத்தையும் ஒரு முறை பார்த்துப் பேசுகிறேன். என்ன சொல்கிறாய்?

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

நலம். வராதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள், எல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறது. மேடமும் லீவில் போயிருக்கிறார்.

நீ எழுதிய அந்த அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம். அவளை யாராவது போய்ப் பார்த்தார்களா?

தங்கை


ஆகஸ்ட் 30

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே உங்கள் தங்கைக்குக் குழாய் வழியாகத்தான் இன்னும் ஆகாரம் போகிறது. நேற்று கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பேச்சு இல்லை.

ஆறு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டீர்கள். எனக்கு வாய் வரவில்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் அதே வியாதி போலிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை நான் லோடு ஏற்றப் போகும்போது படுத்திருந்தாள். தலைவலி என்றாள். போர்வையை இழுத்துவிட்டுப் போனேன். செவ்வாய்க்கிழமை போன் செய்தேன், எடுக்கவில்லை. எப்போதும் எடுக்கமாட்டாள் அல்லவா?

செவ்வாய் மத்தியானம் பாப்பா தனியாகப் படியிறங்கிக் கீழே போயிருக்கிறாள். டைலரம்மா மெஷினில் இருந்திருக்கிறாள். பாப்பா அவள் துணியைப் பிடித்து இழுத்து, "தூ, தூ" என்றிருக்கிறாள். "தூக்கணுமா கண்ணு?" என்று டைலரம்மா தூக்கி வைத்துக் கொஞ்சி, ஒரு பிஸ்கட் கொடுத்து, படியில் ஏற்றிவிட்டிருக்கிறாள். சாயங்காலம் மறுபடியும் வந்தாள். மறுபடியும் தூக்கினாள், பிஸ்கட் கொடுத்தாள். புதன் காலையில் அதே உடுப்போடு, ஈரத்தோடு வந்து நின்று "தூ" என்றபோதுதான் டைலரம்மாவுக்குச் சுருக்கென்று பட்டிருக்கிறது. மேலே ஏறிப் போனாள்.

உங்கள் தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. உதடெல்லாம் வெடித்திருந்தது. தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. பக்கத்தில் பொம்மைக் கப் இரண்டு. பாப்பா தண்ணீர் கொண்டுவந்து ஊட்டப் பார்த்திருக்கிறாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

'அம்மா தூங்குறா' என்று சொல்லத்தான் அண்ணி, பிள்ளை மூன்று முறை படியிறங்கியிருக்கிறாள்.

இன்னொன்று. வியாழக்கிழமை மேடத்தைப் பார்க்க வேண்டும் என்று என்னைத் துளைத்தீர்கள். நான் ஆராய்ச்சி ஆபீசில் போய்க் கேட்டேன். அப்படி யாரும் இல்லை. இவளுக்குக் கவரில் வந்தது இரண்டாவது குழுவாம். ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அது அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது.

பாப்பாவை என் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்
தங்கை கணவன்


செப்டம்பர் 14

என் தங்கைக்கு,

நீ உட்கார ஆரம்பித்துவிட்டாய், கஞ்சி குடிக்கிறாய் என்று மாப்பிள்ளை எழுதினார். உன்னால் எப்போது படிக்க முடிகிறதோ அப்போது இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்னுடைய ஆராய்ச்சியில்தான் நானும் வேலை செய்தேன். நான்கு ஆஸ்பத்திரிகளிலிருந்து பதிவுகள் எங்கள் அறைக்கு வரும். பெயர் இருக்காது, எண் மட்டும். நாங்கள் கேட்டு எழுதி மதிப்பெண் போடுவோம். தெரிந்தவர்கள் யாராவது சேர்ந்தால் உடனே ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. ஜனவரியில் உன் கடிதத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பதிவில் உன்னுடையது என் மேஜைக்கா வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

மார்ச்சில் வந்தது. பெட்டியைக் கவிழ்க்கும் சத்தம். பிறகு மூன்று தும்மல். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

மதிப்பெண் தாளின் கீழே ஒரு சிவப்புக் கட்டம் உண்டு. கேட்கும்போது கவலையாக ஏதாவது பட்டால் அதில் டிக் போட வேண்டும். இரண்டு நாளுக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிக் போட்டால் டாக்டரம்மா பதிவைக் கேட்பார், என்னைக் கேட்பார், நீ என் தங்கை என்று வெளியே வரும். உன்னை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். உன் வியாழக்கிழமை நின்றுவிடும். உனக்கிருந்த ஒரே ஆள் அவர் என்று நம்பினேன். அவர் பார்த்துக்கொள்வார் என்று பேனாவை மூடினேன்.

ஜூனில் இரண்டாவது பதிவு. பாப்பா முப்பத்தொரு முறை 'தூ' என்றாள். எனக்குச் சத்தம் மட்டும்தான் வருகிறது, படம் இல்லை. நீ பாயில் படுத்துவிட்டாய், இல்லையா? நான் 'தூக்கு' என்று எழுதினேன். முப்பத்தொரு இடத்திலும் 'தூக்கு' என்று எழுதி, பொருள் சரியாகச் சொல்கிறாள் என்று மதிப்பெண் போட்டேன். பாம்புக்காது.

அந்த அம்மாவை யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டாய். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகும் எனக்கு ஐந்து வாரம் இருந்தது.

என்ன கேட்பது என்று தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.

அக்கா


நவம்பர் 9

என் தங்கைக்கு,

நீ பேசுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். மெதுவாக, ஒன்றிரண்டு வார்த்தை.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எத்தனை பதிவு நீங்க பண்ணது?" என்று மட்டும் கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையையும் ஒதுக்கிவிட்டார்கள். வேறொருவர் முதலிலிருந்து கேட்க வேண்டும். முடிவு வர ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போகும். முடிவு வந்த பிறகுதான் இரண்டாவது குழு அம்மாக்களுக்கு வைத்தியம் என்று பேச்சு. அவர்களும் காத்திருக்க வேண்டும். அதில் யார் யார் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்களோ, எனக்கு எண் மட்டும்தான் தெரியும்.

எனக்கு அங்கே இனி வேலை இல்லை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நான் எழுந்து நடமாடுகிறேன். மாத்திரை ஒழுங்காகப் போகிறது. உன் உடம்பு எப்படி?

உன் கடிதம் இரண்டும் டிசம்பரிலேயே கைக்கு வந்தன. முதலில் நான் பொய் சொன்னதை எழுதிவிடுகிறேன். கவரைப் பிரித்ததும், பார்த்தாயா, இதுவும் உனக்கில்லை என்று தோன்றியது. அதை உன்னிடம் சொன்னால் கிளம்பி வருவாய். வந்தால் வீட்டைப் பார்ப்பாய், தொட்டியில் கிடக்கும் பாத்திரத்தைப் பார்ப்பாய். அதற்காக ஒரு மேடத்தை உண்டாக்கினேன். பிறகு நிறுத்த மனம் வரவில்லை. வியாழக்கிழமைகளில் உட்கார்ந்து அவர் என்ன சொல்வார் என்று யோசிப்பேன். இப்போது மாதம் இருமுறை நிஜமாகவே ஒருவர் பேசுகிறார். நடுவில் கொட்டாவி விடுகிறார். நான் இட்டுக்கட்டிய மேடம் எவ்வளவோ தேவலை.

உன்மேல் கோபம் இருக்கிறது. பதிவில் இருப்பது நான்தான் என்று தெரிந்தே மூன்று முறை கேட்டாய். எழுந்து வரவில்லை. வராதே என்றுதான் எழுதினேன். அதற்காக வராமல் இருப்பார்களா அக்கா? இந்த இடத்தில்தான் தினமும் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பாப்பா நாத்தனார் வீட்டில்தான் இருக்கிறாள். அங்கே பயிற்சிக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு வருவார்கள். டிசம்பரில் வந்தாள், ஜனவரியில் வந்தாள். உள்ளே நுழைந்ததும் செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் பார்ப்பாள். ஒரு வார்த்தை வராது. நாத்தனார் சங்கடப்பட்டுக்கொண்டு, "வாசல் வரைக்கும் லொடலொடன்னு பேசிட்டு வந்தாம்மா, நெசமா" என்பாள். நான் நம்பவில்லை. எனக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

நேற்று வரும் நேரம் தெரிந்து கதவருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே முதல் படியிலேயே கேட்டது. "செருப்பு கழண்டுச்சு அத்தை. நில்லு." பிறகு, "நானே போடறேன்." பிறகு எதற்கோ சிரித்தாள். டைலரம்மா வீட்டு வாசலில் நின்று என்னமோ கேட்டாள், அவள் பதில் சொன்னாள். ஒவ்வொரு படியாக ஏறி வந்தது பேச்சு. முழு முழுச் சொல்லாக.

நான் எழுந்து கதவில் காதை வைத்துக்கொண்டேன். மணியை அழுத்தினார்கள். திறக்கவில்லை. திறந்தால் நின்றுவிடும் என்று தெரியும். "யாரும் வரல" என்றாள். "வருவாங்க, பொறு" என்றாள் நாத்தனார். "மறுபடி அடிக்கட்டா? நான் அடிக்கட்டா? எட்டல, தூக்கு." மறுபடியும் மணி. தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருந்தேன். பிள்ளை வாசலில் நிற்கிறது, காத்திருக்கிறது, தெரிகிறது. இன்னும் ஒரு வார்த்தை, இன்னும் ஒரு வார்த்தை என்று நின்றேன். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை.

அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன். கோபம் அதனால் குறையவில்லை. இப்போதைக்கு நீ வர வேண்டாம். வரலாம் என்கிறபோது எழுதுகிறேன்.

கடைசியில் "அம்மா இல்லையா அத்தை?" என்றாள். திறந்தேன்.

நின்றுவிட்டது.

தங்கை